கெட்டுப்போன மெமரி கார்டும் ஃபோட்டோரெக்கும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

அழிந்த படங்களை மீட்கும் மென்பொருளான ஃபோட்டோரெக்கை முதன்முதலாகத் திறப்பவர் முகம் சுளிப்பார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸுக்கு வேலையே இல்லை, அம்புக்குறி விசைகளால்தான் மேலும் கீழும் நகர வேண்டும். மீட்ட படங்களைப் பெயரும் இல்லாமல், கோப்புறை அமைப்பும் இல்லாமல் குவியலாகக் கொட்டிவிட்டுப் போகும். இத்தனை குறைகளையும் தெரிந்துகொண்டே பல ஆண்டுகளாக இதைக் கைவிடாமல் வைத்திருக்கிறேன். உறவிலோ நட்பிலோ யாருடைய மெமரி கார்டு கெட்டாலும் அது என் மேசைக்கு வந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்படி வந்த கார்டுகளோடு மல்லுக்கட்டியதில் எனக்கு உறுதியானது இதுதான்: எந்த மென்பொருள் என்பதற்கு இரண்டாம் இடம்தான், எதை முதலில் செய்கிறோம், எதைப் பிறகு செய்கிறோம் என்பதில்தான் படங்களின் தலையெழுத்து இருக்கிறது. அந்த வரிசையில் ஃபோட்டோரெக் கடைசியில் வர வேண்டியது. பலரும் அதைத்தான் முதலில் ஓட்டுகிறார்கள்.

கிறிஸ்தோஃப் கிரெனியே உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் இது. வட்டின் கோப்பு அமைப்பைச் சீர்செய்யும் டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு கருவியோடு ஒரே பொதியாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2019இல் 7.1, 2024இல் 7.2 என்று நிதானமாகத்தான் பதிப்புகள் வருகின்றன. அம்புக்குறிகளோடு போராட விரும்பாதவர்களுக்குக் கியூஃபோட்டோரெக் என்ற சன்னல் வடிவமும் அதே பொதியில் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

இது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் இதன் பலமும் பலவீனமும் புரியும். கார்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டை நம்பி ஃபோட்டோரெக் தேடுவதில்லை. கார்டை முதல் செக்டரிலிருந்து (தரவு பதியும் சிறு துண்டு) கடைசி செக்டர் வரை படித்துக்கொண்டே போய், தெரிந்த அடையாளம் தென்படுகிறதா என்று தேடுகிறது. ஜேபெக் படம் என்றால் தொடக்க பைட்டுகள் எப்போதும் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் (FF D8 FF). அது கண்ணில் பட்டதும் அங்கிருந்து படம் முடியும் இடம் வரை வெட்டி எடுத்துத் தனிக் கோப்பாக வேறு வட்டில் சேமிக்கிறது. பதிவேடு முழுவதும் நாசமானாலும் படம் கிடைப்பது இதனால்தான். பெயர் கிடைக்காமல் போவதும் இதனால்தான். பெயர் எழுதியிருந்தது அந்தப் பதிவேட்டில் அல்லவா?

கேமராக் கார்டுகளுக்கு இந்த முறை பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. கேமரா படங்களை ஒன்றன்பின் ஒன்றாக, பெரும்பாலும் இடைவெளியின்றி எழுதுகிறது. துண்டு துண்டாகச் சிதறிய கோப்பை வெட்டி எடுப்பது கடினம். ஒரே துண்டாகக் கிடப்பதை எடுப்பது எளிது. ஆண்டுக்கணக்கில் அழித்தும் எழுதியும் புழங்கிய கார்டு என்றால் சிதறலும் அதிகமாக இருக்கும். அவ்வப்போது படங்களையெல்லாம் கணினிக்கு மாற்றிவிட்டுக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து பயன்படுத்துபவர்களின் கார்டுகள் நல்லபடியாக மீள்வதை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

மென்பொருளைத் தொடும் முன் நான் பார்ப்பது கணினி காட்டும் கொள்ளளவு. 64 ஜிபி கார்டு, கோப்புகளைக் காட்டாவிட்டாலும், ஏறக்குறைய 64 ஜிபி என்று தெரிந்தால் நம்பிக்கை வைக்கலாம். கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு உயிரோடு இருக்கிறது, பதிவேடுதான் குழம்பியிருக்கிறது என்று பொருள். பூஜ்யம் என்றோ சம்பந்தமில்லாத சில எம்பி என்றோ காட்டினால் சில்லே படுத்துவிட்டது. உலகத்து மீட்பு மென்பொருள்களையெல்லாம் ஓட்டினாலும் பயனில்லை. அதற்கு முன் வேறொரு கார்டு ரீடரில் செருகிப் பார்ப்பதை மறக்கக் கூடாது. என்னிடம் ‘செத்துவிட்டது’ என்று வந்த கார்டுகளில் சிலவற்றுக்கு நோயே இல்லை. மைக்ரோ எஸ்டி அடாப்டரின் தொடர்புத் தகடுகள்தான் தேய்ந்திருந்தன.

கொள்ளளவு சரியாக இருந்தும் விண்டோஸ் கார்டைத் திறக்க மறுத்து, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். இந்தக் கட்டத்தில்தான் எனக்கு அழைப்பு வரும். “அண்ணா, ஃபார்மேட் கேட்கிறது. கொடுத்துவிடட்டுமா?” என்று சித்தி மகன் கேட்டபோது, “கையை எடு, கார்டைக் கழற்று, பிறகு பேசு” என்றேன். கடுமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் விண்டோஸில் விரைவு ஃபார்மேட் என்ற தெரிவை நீக்கிவிட்டுக் கொடுத்தால் விஸ்டா காலத்திலிருந்தே அது கார்டு முழுவதும் பூஜ்யங்களை எழுதிவிடும். அதற்குமேல் தேட எதுவும் மிஞ்சாது. வட்டுப் பிழைகளைச் சரிசெய்யட்டுமா என்று கேட்கும் செக்டிஸ்க்கும் அதே வகைதான். அதன் வேலை பதிவேட்டை ஒழுங்குபடுத்துவது. உங்கள் படங்களைக் காப்பாற்றும் பொறுப்பு அதற்கு இல்லை. உரிமையாளர் தெரியாத துண்டுகளை ‘ஃபவுண்ட்’ என்று தொடங்கும் கோப்புறையில் சிஎச்கே கோப்புகளாகப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று அறிவித்துவிடும்.

கார்டின் ஓரத்தில் இருக்கும் சிறிய பூட்டுத் தள்ளியைப் பூட்டு நிலைக்கு நகர்த்துவது நல்லது. அது கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை. எழுதாதே என்று ரீடருக்குக் காட்டும் சைகை மட்டுமே. ஆனாலும் கார்டைச் செருகியதும் கேட்காமலேயே கோப்புறைகளை உருவாக்கும் இயங்குதளங்களைப் பெரும்பாலும் அது தடுத்துவிடுகிறது. மைக்ரோ எஸ்டியில் தள்ளி கிடையாது, அடாப்டரில்தான் உண்டு.

அடுத்த வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது: கார்டை முழுமையாக ஒரு படிமக் கோப்பாக நகலெடுப்பது. கோப்புகளை நகலெடுப்பதைச் சொல்லவில்லை. முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை கார்டை அப்படியே கணினியில் இறக்குவதைச் சொல்கிறேன். இதற்கு நான் நம்புவது ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ. அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதியது. லினக்ஸில் ஓடுகிறது, லினக்ஸ் இல்லாதவர்கள் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கிப் பயன்படுத்தலாம். முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளையெல்லாம் வாரிக்கொள்ளும். முரண்டுபிடிக்கும் பகுதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு திரும்பி வரும். அந்தக் குறிப்புக்கென்று தனிக் கோப்பு இருப்பதால், நடுவில் கார்டு சூடேறித் தொடர்பு அறுந்தாலும், கழற்றி ஆறவிட்டு மறுபடி செருகி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மோசமான கார்டு ஒன்றுக்கு இது இரவு முழுவதும் ஓடும். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் வேறு மென்பொருள் தேடிப் போகிறார்கள். நலிந்த கார்டை ஐந்து மென்பொருள்கள் ஐந்து முறை முழுதாகப் படித்தால், ஆறாவது முறை படிக்க அது பிழைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். படிமம் கையில் இருந்தால் எத்தனை சோதனை வேண்டுமானாலும் அதன்மேல் செய்துகொள்ளலாம்.

படிமம் வந்ததும் முதலில் டெஸ்ட்டிஸ்க். 32 ஜிபி வரையிலான எஸ்டிஹெச்சி கார்டுகள் ஃபேட்32 அமைப்பிலும், அதற்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் அமைப்பிலும் வருவது தரநிலை; இரண்டும் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகள். இரண்டிலுமே, இந்த அமைப்பின் அடிப்படை விவரங்கள் இருக்கும் முதல் செக்டரான பூட் செக்டருக்குக் காப்பு நகல் உண்டு. ஃபேட்32இல் வழக்கமாக 6ஆம் செக்டரில், எக்ஸ்ஃபேட்டில் 12ஆம் செக்டரில் தொடங்கி. முதல் செக்டர் மட்டும் சிதைந்த கார்டு என்றால், காப்பு நகலிலிருந்து அதைத் திரும்ப எழுதும் டெஸ்ட்டிஸ்க் தெரிவு ஒன்றே போதும்; படங்கள் பழைய பெயரோடும் கோப்புறைகளோடும் எழுந்து வந்துவிடும். இந்த வேலையைப் படிமத்தின் நகலில்தான் செய்ய வேண்டும், கார்டில் அல்ல.

கைதவறி அழித்த படங்களுக்கும் முதலில் டெஸ்ட்டிஸ்க்தான். ஃபேட்32இல் ஒரு கோப்பை அழிக்கும்போது பதிவேட்டில் அதன் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு குறி விழுகிறது, கோப்புத் துண்டுகளை இணைத்த சங்கிலியும் துடைக்கப்படுகிறது. எக்ஸ்ஃபேட்டில் பயன்பாட்டில் இருப்பதைக் குறிக்கும் பிட் மட்டும் அணைகிறது. ஒரே தொடராகக் கிடக்கும் கோப்புகளுக்கு அங்கே சங்கிலியே தேவையில்லை. அதனால் எக்ஸ்ஃபேட் கார்டில் அழித்ததும் எடுத்து வைத்துவிட்டால் முழுப் பெயரோடு மீட்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அழித்த பிறகும் படம் எடுத்துக்கொண்டே போனால் எந்தக் கருவியாலும் ஒன்றும் ஆகாது.

டெஸ்ட்டிஸ்க் கைவிரித்த பிறகே ஃபோட்டோரெக். அதில் இரண்டு அமைப்புகளை மாற்றாமல் தொடங்குவதில்லை. ஒன்று, கோப்பு வகைகள். நூற்றுக்கணக்கான வகைகள் தெரியும் அதற்கு. எல்லாவற்றையும் தேடச் சொன்னால் உரைத் துணுக்குகளும் பயனற்ற குப்பையும் ஆயிரக்கணக்கில் வந்து விழும். வேண்டிய படம், வீடியோ வகைகளை மட்டும் தெரிந்தெடுத்தால் போதும். இரண்டு, காலி இடத்தை மட்டும் தேடட்டுமா, முழுவதையும் தேடட்டுமா என்று கேட்கும்போது முழுவதையும் என்று சொல்வது. பதிவேடு கெட்ட கார்டில் எது காலி, எது நிரம்பியது என்ற கணக்கையே நம்ப முடியாது. இடையில் நிறுத்த நேர்ந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இதிலும் உண்டு. மூலத்தை வாசிக்க மட்டுமே செய்கிறது, அதில் எழுதுவதில்லை என்பதும் ஆறுதல்.

குவியலைப் பிரிப்பது தனி வேலை. டி (t) என்ற எழுத்தில் பெயர் தொடங்கும் படங்கள் பெரும்பாலும் சிறு முன்னோட்டப் படங்கள். முதல் சுற்றிலேயே தூக்கி எறியலாம். மற்றவற்றுக்கு ஃபில் ஹார்வியின் எக்ஸிஃப்டூல் இருக்கிறது. படத்துக்குள் கேமரா பதித்த தேதியையும் நேரத்தையும் எடுத்துக் கோப்பின் பெயராக வைத்துவிடும். கேமராப் படங்களுக்குப் பழைய பெயர் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை; நான்கு இலக்க எண்ணில் என்ன இருக்கிறது? ஆனால் ஒலிப்பதிவுக் கருவிகளின் கார்டு என்றால் நிலைமை வேறு. எந்தப் பேட்டி எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மீண்ட படங்களில் சில பாதி வரை தெளிவாகவும் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகவும் இருக்கும். ஜேபெக்கில் ஒவ்வொரு பகுதியும் முந்தைய பகுதியைச் சார்ந்து குறியிடப்படுவதால், நடுவில் ஒரு துண்டு தவறினால் அதற்குப் பிறகு வருவது எல்லாம் நிறம் மாறியோ நகர்ந்தோ போய்விடும். இதைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை. இல்லாத தரவை எங்கிருந்து கொண்டுவருவார்கள்? கட்டண மென்பொருள்கள் காட்டும் முன்னோட்டத்திலும் எச்சரிக்கை தேவை. படத்துக்குள் பொதிந்திருக்கும் சிறு உருவை மட்டும் காட்டிவிட்டு, மீட்க முடியும் என்று சொல்வதுண்டு. பணம் கட்டிய பிறகு பெரிய படம் பாதிதான் வரும். கட்டண மென்பொருள்கள் எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். பதிவேடு பாதி சிதைந்த கார்டில் கோப்புறை அமைப்பைத் திரும்பக் கட்டுவதில் சில நன்றாகவே செயல்படுகின்றன. அந்த வேலைக்கு நான் டிஎம்டிஇ பயன்படுத்துகிறேன். இலவசப் பதிப்பிலேயே ஒரு முறைக்கு ஒரு கோப்புறையிலிருந்து 4,000 கோப்புகள் வரை எடுக்க விடுகிறது.

ஃபோட்டோரெக் என்னை அதிகம் ஏமாற்றியது வீடியோவில்தான். எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, மூவ் என்ற பகுதி, பல கேமராக்களில் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. பதிவு ஓடும்போது பேட்டரி தீர்ந்துவிட்டால் காட்சிகள் எல்லாம் கார்டில் இருக்கும், அட்டவணை மட்டும் இருக்காது. எந்த பிளேயரும் திறக்காது. இதற்கு அன்ட்ரங்க் என்ற கட்டற்ற கருவி உதவியிருக்கிறது. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் அட்டவணையைத் திரும்பக் கட்ட முயலும். சில ஆக்‌ஷன் கேமராக்கள் முழு வீடியோவையும் சிறிய முன்னோட்ட வீடியோவையும் ஒரே நேரத்தில் மாற்றி மாற்றி எழுதுகின்றன. இரண்டும் பின்னிக் கிடப்பதால் ஃபோட்டோரெக் வெட்டி எடுப்பது எதற்கும் உதவாத கலவையாகிவிடுகிறது. அத்தகைய கார்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கைபேசியில் இருந்த கார்டு என்றால் முதல் கேள்வி: அதை உள் நினைவகமாக அமைத்திருந்தீர்களா? ஆண்ட்ராய்டு 6.0இலிருந்து இந்த வசதி இருக்கிறது. அப்படி அமைத்த கார்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்படுகிறது, திறவுகோல் அந்தக் கைபேசியில் இருக்கிறது. கைபேசியை ரீசெட் செய்துவிட்டால் கார்டில் இருப்பதைப் படிக்க வழியே இல்லை. சாதாரணமாகப் பயன்படுத்திய கார்டு என்றால் முதலில் லாஸ்ட்.டிர் கோப்புறையைப் பாருங்கள். பெயர் வெறும் எண்ணாக, பின்னொட்டு இல்லாமல் கிடக்கும் கோப்புகளுக்கு ஜேபிஜி என்று பின்னொட்டுச் சேர்த்தாலே சில திறந்துவிடும்.

கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிக் கார்டுகளிடம் எல்லா மென்பொருள்களும் தோற்கும். உள்ளே 8 ஜிபி நினைவகத்தை வைத்துக்கொண்டு 128 என்று சொல்லும் கார்டில், எட்டுக்கு மேல் எழுதியது எங்கும் பதியவே இல்லை அல்லது பழையதன்மேல் பதிந்துவிட்டது. புதிதாக வாங்கும் ஒவ்வொரு கார்டையும் எஃப்3 அல்லது ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனைக் கருவி கொண்டு முழுக்க எழுதி, முழுக்கப் படித்துப் பார்த்த பிறகே கேமராவில் போடுகிறேன். பதிவேடு குழம்பி மீண்ட கார்டுக்கும் ஃபார்மேட் செய்த பின் இதே சோதனைதான். ஒரு பிழை வந்தாலும், அல்லது கார்டு எழுத விடாமல் வாசிக்க மட்டும் விடும் நிலைக்குப் போயிருந்தாலும், இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டுவிடுகிறேன்.