எல்லை தாண்டி வந்த பழைய காரும் தரகு நிறுவனமும்: ஐந்துக்கு மூன்று

2019-ல் அமெரிக்காவின் பஃபலோவில் ஒரு பழைய டொயோட்டா வாங்கி டொரோண்டோவுக்குக் கொண்டுவர, எல்லையில் சுங்கக் காகித வேலைகளைப் பார்த்துத் தரும் ஒரு சுங்கத் தரகு நிறுவனத்தைப் பிடித்தேன் (பெயர் வேண்டாம்). அமெரிக்கப் பக்க வேலையில் குறை சொல்ல முடியாது. ஏற்றுமதிப் பதிவு எண்ணை மறுநாளே எடுத்துத் தந்தார்கள், காரின் அசல் டைட்டிலை (உரிமைப் பத்திரம்) எல்லை தாண்டுவதற்கு 72 மணி நேரம் முன்பே அமெரிக்கச் சுங்கத்திடம் காட்ட வேண்டும் என்பதையும் ஒழுங்காகச் சொன்னார்கள்.

ஆனால் செலவுக் கணக்கில் கோட்டை விட்டார்கள். காரின் வின் எண் (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) 'ஜே' என்று தொடங்கினால் அது ஜப்பானில் செய்தது, அமெரிக்காவிலிருந்து வந்தாலும் கனடாவில் 6.1% இறக்குமதித் தீர்வை உண்டு. இதை முதலிலேயே கேட்காமல் தீர்வையே இல்லை என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, எல்லையில் நிற்கும்போது ஃபோனில் சொல்கிறார்கள்! 13,000 கனடிய டாலர் காருக்குத் தீர்வை 793, காரில் ஏசி இருப்பதற்கான வரி 100, இவற்றையும் சேர்த்த தொகைக்கு 5% ஜிஎஸ்டி சுமார் 695. அப்புறம் ஒன்டாரியோவில் பதியும்போது மாகாண வரி 8% தனியாக.

ரீகால் (குறைபாட்டைச் சரிசெய்ய நிறுவனம் காரைத் திரும்ப அழைப்பது) பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் கடைசியில்தான் கேட்டார்கள், அதற்கு ஒரு வாரம் போனது. நல்லவேளை, இறக்குமதியான காரைக் கனடா விதிகளுக்கு ஏற்றதா என்று பார்க்கும் சோதனை, 45 நாள் கெடுவுக்குள் கனேடியன் டயர் என்ற கடையில் முடிந்துவிட்டது. பதினைந்து வயது தாண்டிய கார் என்றால் இந்தச் சோதனையே கிடையாது, அப்போது தரகரும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.