கே2-18பியா, ட்ராப்பிஸ்ட்-1இயா?

உயிரின் தடயம் தேட, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் நேரத்தை, சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருக்கும் இந்த இரண்டு கோள்களில் எதற்குக் கொடுக்கலாம்?

கே2-18பி சுமார் 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நிறை பூமியைப் போல எட்டு மடங்குக்கும் மேல். அதன் காற்றில் மீத்தேன் இருப்பது 2023-இல் தெரிந்தது. 2025-இல் டைமெத்தில் சல்பைடு என்ற வேதிப்பொருளின் சாயல் தெரிவதாகக் கேம்பிரிட்ஜ் குழு சொன்னதும் ஒரே பரபரப்பு. பூமியில் அதைப் பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன. ஆனால் 67பி வால்நட்சத்திரத்திலும் அதே பொருள் கிடைத்திருக்கிறது. அங்கே உயிர் ஏது? சமிக்ஞையும் பலவீனம்தான், வேறு குழுக்கள் ஏற்கவில்லை.

ட்ராப்பிஸ்ட்-1இ கிட்டத்தட்ட பூமியின் அளவு, 40 ஒளியாண்டு தொலைவு. சுமார் ஆறு நாளுக்கு ஒருமுறை தன் விண்மீனின் குறுக்கே கடப்பதால் அடிக்கடி பார்க்கலாம். தொல்லை அந்த விண்மீனின் மேற்பரப்பில் உள்ள கரும்புள்ளிகள். கோளின் காற்றை அறிய, விண்மீன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையை அவையே குழப்பிவிடுகின்றன. வளிமண்டலம் உண்டா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். பாறைக் கோள் என்பதால், கிடைக்கும் விடையைப் பூமியோடு நேராக ஒப்பிட முடியும்.