வைஃபை சேருது, ஐபி மட்டும் வரல: ஒரு லேப்டாப்போடு சில வருடங்கள்

சிக்னல் முழுசாக இருக்கும். பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் "இன்டர்நெட் இல்லை" என்று நிற்கும். அதே நேரத்தில் வீட்டில் இருக்கிற எல்லா போனிலும் யூடியூப் ஓடும். அப்புறம் லேப்டாப்பைத்தானே எல்லாரும் குறை சொல்வார்கள்? எங்கள் வீட்டில் இந்தத் தொல்லை விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. சில மாதம் ஒன்றும் இருக்காது, திடீரென்று ஒரு வாரம் படுத்தும்.

கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்தால் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் லேப்டாப்புக்கு உள்ள எண், 169.254 என்று தொடங்கும். இந்த எண்ணைப் பார்த்ததுமே பாதி விஷயம் தெரிந்துவிடும். இது ரூட்டர் கொடுத்ததில்லை. லேப்டாப் "யாராவது எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று கேட்டு, பதில் வராமல் போனதால் தனக்குத்தானே வைத்துக்கொண்ட எண். விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. அந்த எண்ணோடு இணையத்துக்குப் போக முடியாது.

விண்டோஸில் இருக்கும் ட்ரபுள்ஷூட்டர் "வைஃபைக்குச் சரியான ஐபி அமைப்பு இல்லை" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அது நமக்கே தெரியும். ஐபிகான்ஃபிக் ரிலீஸ், ரினியூ இரண்டும் சில நாள் வேலை செய்யும், பல நாள் செய்யாது. திரும்ப ஒரு தடவை கேட்பதைத் தவிர அவை வேறெதுவும் செய்வதில்லை. நெட்வொர்க் ரீசெட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டெல்லாம் போய்விடும். சர்வீஸ் கடையில் வைஃபை கார்டை மாற்றச் சொன்னார்கள்.

கார்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன் போன் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துப் பார்த்தேன். உடனே முகவரி வந்தது. ஆக, கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்து வீட்டு வைஃபையில் முகவரியைக் கையால் கொடுத்தேன். நெட் ஓடியது. பாதையிலும் பழுதில்லை, முகவரி கொடுக்கிற இடத்தில்தான் சிக்கல். இந்த இரண்டு சோதனைக்கும் செலவே கிடையாது. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் எல்லாரும் செய்து பார்க்கலாம்.

கையால் கொடுத்த முகவரியோடு அப்படியே காலம் தள்ளலாமே என்று தோன்றும். கண்ட்ரோல் பேனல் வழியாகக் கொடுத்தால் அது எந்த வைஃபைக்குப் போனாலும் கூடவே வரும், அலுவலகத்தில் நெட் கிடைக்காது. ரூட்டர் பங்கிடுகிற வரிசைக்குள் இருக்கும் எண்ணைக் கொடுத்தால் வேறொரு போனுக்கும் அதே எண் போய் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்து ரூட்டருக்குள் போனபோதுதான் விடை கிடைத்தது. இணைப்பு கொடுக்க வந்தவர் டிஎச்சிபி வரிசையை, அதாவது ரூட்டர் தானாகப் பங்கிடும் முகவரிகளின் கடைசி எண்ணை, 100 முதல் 120 வரை என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். மொத்தம் 21 முகவரி. லீஸ் காலம், அதாவது ஒரு கருவிக்குக் கொடுத்த முகவரியை அதற்கென்றே வைத்திருக்கும் காலம், 7 நாள். கீழே இருந்த பட்டியலைப் பார்த்தால் டிவி, கேமரா, எங்கள் போன்கள், மாடியில் குடியிருப்பவர்களின் போன்கள். மீதியெல்லாம் முந்தின ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு வந்துவிட்டுக் கிளம்பிப் போன சொந்தக்காரர்களின் போன்கள்! பந்தியில் சாப்பிட்டு எழுந்தவரின் இலையை ஒரு வாரம் எடுக்காமல் வைத்திருந்த கதைதான். புதிதாக வருகிறவருக்கு இடமில்லை.

லேப்டாப் மட்டும் மாட்டிக்கொண்டதன் காரணமும் இதில் இருக்கிறது. எப்போதும் வீட்டில் இருக்கிற போன்கள் லீஸ் பாதி முடிந்ததுமே புதுப்பித்துக்கொள்ளும். வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும் லேப்டாப்பின் லீஸ் முடிந்துபோகும். அது விட்ட எண்ணை யாராவது விருந்தாளி எடுத்துக்கொள்வார். விசேஷம் வரும்போதெல்லாம் நெட் போவது ராசியால் இல்லை.

வரிசையை 2 முதல் 200 வரை விரித்தேன், லீஸை 12 மணி நேரமாகக் குறைத்தேன். லேப்டாப்பின் மேக் முகவரிக்கு (வைஃபை கார்டின் அடையாள எண்) ஓர் ஐபி எண்ணை ஒதுக்கியும் வைத்தேன். அன்றிலிருந்து 169.254 தலைகாட்டவில்லை, பொங்கலுக்கு வீடு நிறைந்திருந்தபோதும்கூட.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். விண்டோஸை மறுபடி நிறுவிய பிறகு, ஒதுக்கிய எண் வராமல் வேறு எண் வந்தது. மேக் முகவரியை மாற்றிக் காட்டும் ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ் என்ற வசதி ஆன் ஆகியிருந்ததால் ரூட்டருக்கு லேப்டாப்பை அடையாளம் தெரியவில்லை. வெளியிடங்களில் அது நல்ல வசதி. வீட்டு வைஃபைக்கு மட்டும் அணைத்தேன், பழைய எண் திரும்பிவிட்டது. ரூட்டரில் மேக் ஃபில்டர் (பதிவு செய்த மேக் முகவரிகளை மட்டும் அனுமதிப்பது) போட்டிருப்பவர்களுக்கு இதே காரணத்தால் இணைப்பே கிடைக்காமல் போகும், அதையும் பாருங்கள்.

தூக்கத்திலிருந்து எழுப்பும்போது எப்போதாவது இன்னும் தடுமாறுகிறது. அது வேறு வியாதி. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்ததில் பெருமளவு குறைந்திருக்கிறது. பேட்டரி அதனால் சீக்கிரம் தீர்வதாக எனக்குத் தெரியவில்லை.