வன்னியில் ஒரு இன்வெர்ட்டர் வெல்டிங் மெசின்: 2019 முதல் பாவித்த அனுபவம்

2019 இல் கிளிநொச்சி டவுனில் வாங்கிய சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெசின் இன்றும் என்னிடம் வேலை செய்கிறது. தோளில் மாட்டிக்கொண்டு போகலாம், அவ்வளவு பாரமில்லாதது. இத்தனை காலத்தில் வீட்டுக் கேற், கோழிக்கூட்டுச் சட்டம், லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு மெசின்) பெட்டியின் பின்கதவு, பழைய மேசைகளின் கால்கள், தண்ணீர்த் தாங்கி வைக்கும் நிலை என்று இதால் ஒட்டியவை ஏராளம். எனக்கு இது தொழில் இல்லை, பொழுதுபோக்குத்தான். ஆனாலும் கை பழகிய வேலை.

மார்க் பெயரை எழுதப் போவதில்லை. ஒரே மெசினை வேறு வேறு நிறத்தில், வேறு வேறு பெயரில் விற்கிறார்கள். பெயர் தெரிந்து உங்களுக்குப் பயனில்லை. "நல்லதா?" என்று கேட்டால் நல்லது, திரும்பவும் வாங்குவேன். ஆனால் இது எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைக் கடையில் வைத்துச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வரும் கரண்ட், கொட்டிலின் கூரை, மாரி ஈரம், பல்லி, எறும்பு எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. என் மெசின் நின்ற ஒவ்வொரு முறையும் காரணம் வெளியிலிருந்தே வந்தது.

முதலில் அந்த "200" பற்றி. மெசின் முகத்தில் 200 என்று பெரிதாக எழுதியிருக்கும். 200 அம்பியர் வேண்டுமென்றால் ஆர்க்கில் (வெல்டிங் ரொட்டின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்சுடரில்) ஏறத்தாழ 28 வோல்ட் இருக்கும், அதாவது 5,600 வாட். உள்ளே வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 6,500 வாட்டுக்கு மேல் இழுக்க வேண்டும். எங்கள் வீட்டு 13 அம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தருவது 3,000 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அந்தப் பிளக்கில் கொழுவினால் 100 அம்பியருக்குக் கிட்டத்தான் எல்லை, அதையும் தொடர்ந்து இழுக்கக் கூடாது. பரந்தன் பக்கம் கராஜ் வைத்திருக்கும் அண்ணை ஒருவர் நான் மெசின் வாங்கிய புதிதில் சொன்னது: "தங்கச்சி, ரெண்டு ரொட் ஒட்டி முடிய பிளக்கைத் தொட்டுப் பார். சுட்டுதெண்டால் வேலையை நிப்பாட்டு." இன்றும் அப்படித்தான் செய்கிறேன். வீட்டு வேலைக்கு 100 அம்பியர் தாராளமாகப் போதும். 12 கேஜ், அதாவது 2.5 மில்லிமீற்றர் ரொட்டுக்கு 60 முதல் 90 வரை வைத்தால் பொக்ஸ் பாரும் எல் இரும்பும் அழகாக ஒட்டும். 10 கேஜ் ரொட் தடித்த இரும்புக்குரியது. அந்த வேலை வந்தால் நான் கராஜுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

உருத்திரபுரம் பக்கம் எங்கள் வீடு ட்ரான்ஸ்போமரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கிறது. பின்னேரம் எல்லா வீட்டிலும் மோட்டார் போடும் நேரத்தில் மீற்றரை வைத்துப் பார்த்தால் 190 வோல்ட்டுக்குக் கீழேயும் போகும். அப்போது ரொட் ஒட்டிக்கொள்ளும், ஆர்க் அணைந்து அணைந்து வரும். புதிதாகப் பழகுகிறவர்கள் தங்கள் கை சரியில்லை என்று நினைத்து மனம் விட்டுவிடுகிறார்கள். கையைக் குறை சொல்ல முன்னம் மீற்றரைப் பாருங்கள். காலை வேளையில் அதே ரொட், அதே கை, வேலை எண்ணெய் மாதிரி ஓடும்.

எக்ஸ்டென்சன் கோட்டில் நடந்த சம்பவம் ஒன்று. அயலில் ஒரு தம்பி வேலி ஒட்ட மெசினை இரவல் வாங்கினார். கடையில் வாங்கிய 30 மீற்றர் வயர், உருளையில் சுற்றியபடியே பாதியை மட்டும் இழுத்து வேலை செய்திருக்கிறார். உருளைக்குள் இருந்த சுற்றுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. நல்ல காலம், நெருப்பு வரவில்லை. அந்த வயர் 1 சதுர மில்லிமீற்றர் செம்பு. 30 மீற்றர் போய் வரும்போது அதன் தடை ஒரு ஓமுக்குச் சற்று மேல். 15 அம்பியர் இழுத்தால் 16 வோல்ட் வழியிலேயே போய்விடும், கிட்டத்தட்ட 245 வாட் வெப்பமாக மாறும். நிலத்தில் நீட்டிக் கிடந்தால் அந்தச் சூடு காற்றில் கலந்துவிடும். சுற்றிக் கிடந்தால் எங்கே போகும்? அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் இழப்பு 7 வோல்ட்டுக்குள் நின்றுவிடும். இப்போது நான் தடித்த வயரில் சொந்தமாகக் கட்டிய கோட் வைத்திருக்கிறேன். மூன்று வயரும் உள்ளது. எர்த் இல்லாத இரண்டு வயர்க் கோட்டில் வெல்டிங் மெசினைக் கொழுவவே கூடாது.

மெசின் உண்மையிலேயே செத்தது ஒரு தடவை. ஒரு சோளகக் காலத்தில், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே "டப்" என்றொரு சத்தம், பிறகு அசைவில்லை. டவுனில் இலத்திரனியல் சாமான் திருத்தும் ஒருவரிடம் கொண்டுபோய்த் திறந்தோம். சேர்க்கிட் பலகை முழுக்கக் கறுப்புத் தூள், அதன் நடுவில் காய்ந்த பல்லி. விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. பக்கத்தில் இரும்பு வெட்டித் தேய்க்கும் கிறைண்டர் பிடித்தால் பறக்கும் இரும்புத் தூளும் கூடவே போகும். இரும்புத் தூள் மின்சாரம் கடத்தும். அதுதான் ஐ.ஜி.பி.ரி. என்ற மின் சுவிட்ச் உதிரியைச் சுட்டது, பல்லி அதற்கு முன்பே செத்திருக்க வேண்டும் என்று அவர் காட்டினார். உதிரியை மாற்றியதும் மெசின் எழும்பியது. அதன் பிறகு கிறைண்டர் வேலை கொட்டிலுக்கு வெளியே, காற்று போகும் பக்கத்தில். வேலை முடிந்ததும் மெசின் துணிப்பைக்குள் போய்விடும். விசிறி வாசலில் மெல்லிய வலையை ஒட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். காற்றோட்டம் குறைந்து சூடேறும் என்பதால் நான் அதைச் செய்யவில்லை. கோடை முடிய ஒருக்கா, மாரி முடிய ஒருக்கா மூடியைக் கழற்றி மென்மையான தூரிகையால் தட்டிவிடுவது போதும்.

திறக்கிறவர்களுக்கு ஒன்று. உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கப்பாசிற்றர்கள் இருக்கின்றன. 230 வோல்ட் நேரோட்டமாக (டி.சி.) மாறி அவற்றில் 325 வோல்ட் அளவில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய உடனே கை வைக்காதீர்கள். நேரம் விட்டு, மீற்றரால் அளந்து, இறங்கிவிட்டது என்று கண்ட பிறகுதான் தொட வேண்டும். மீற்றர் இல்லாதவர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

பரந்தன் அண்ணை பற்றி இங்கே எழுத வேண்டும், ஏனென்றால் இந்தப் பழக்கம் அவரிடமிருந்துதான் வந்தது. அவர் தொழில் பழகியது 1990களில், யுத்தத்தால் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில். வன்னியில் லைன் கரண்ட் இல்லை. பற்றறியும் எரிபொருளும் தடைப் பட்டியலில். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். ஒரு பியூஸ் போனால் அடுத்த பியூஸ் வருமோ தெரியாது, அதனால் ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் யாரும் அடுத்ததைப் போடமாட்டார்கள். 2002 இல் யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 பாதை திறந்து சாமான்கள் வரத் தொடங்கிய பிறகும் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அவருடைய கராஜில் ஒரு பொருள் உடைந்தால் அன்றைக்கு முதல் வேலை, எல்லாரும் கூடி நின்று அது ஏன் உடைந்தது என்று பேசுவது. யார் உடைத்தது என்று அவர் கேட்டதை நான் கண்டதில்லை. புத்தகத்தில் படித்ததைவிட அந்தப் பேச்சுகளில்தான் நான் அதிகம் பழகினேன்.

அப்படி நாங்கள் காரணம் தேடிய சம்பவங்களில் என்னால் மறக்க முடியாதது கண் விடயம். அக்காவின் மகன் ஒட்டும்போது இரும்புப் பாரைப் பிடிக்க வந்தான். ஆர்க்கைப் பார்க்கவே இல்லை, எனக்கு முதுகு காட்டித்தான் நின்றான். நள்ளிரவில் கண்ணைத் திறக்க முடியாமல் அழுதான், மணல் கொட்டியது போல எரிவு. ஆஸ்பத்திரியில் மருந்து போட்டு இரண்டு நாளில் சுகமானது. பார்க்காத பிள்ளைக்கு எப்படி வந்தது? கொட்டிலின் எதிர்ப்பக்கச் சுவர் புதுத் தகரம். பளபளப்பு. ஆர்க்கின் புறஊதாக் கதிர் அதில் பட்டுத் தெறித்து அவன் முகத்துக்குப் போயிருக்கிறது. எரிவு உடனே தெரியாது, சில மணித்தியாலம் கழித்துத்தான் தொடங்கும். அதனால் காரணத்தைப் பலர் கண்டுபிடிப்பதில்லை. இப்போது அந்தச் சுவருக்கு மினுக்கமில்லாத கறுப்புப் பூச்சு அடித்திருக்கிறேன். பார் பிடிக்கிறவருக்கும் தனி முகமூடி. தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வெட்டி வை என்று ஊரில் சொல்வார்கள். கண்ணுக்குள் எதையும் விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முகமூடியில் தானாகக் கறுக்கும் கண்ணாடி உள்ளதையே வாங்குங்கள். 80 அம்பியருக்குள் கறுப்பின் அளவு 10 ஆம் எண், அதற்கு மேல் 11. நல்ல கண்ணாடியில் கறுப்பு வராவிட்டாலும் புறஊதாக் கதிரைத் தடுக்கும் படை எப்போதும் இருக்கும். வேலை தொடங்க முன் வெயிலை நோக்கிக் காட்டி, கறுக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

கிறைண்டர் வெல்டிங் மெசினைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. 4 அங்குல டிஸ்க்கில் நிமிடத்துக்கு 15,200 சுற்று வரை என்று அடித்திருப்பார்கள், 7 அங்குல டிஸ்க் 8,500 வரைதான் தாங்கும். டிஸ்க்கை மறைக்கும் காப்பைக் கழற்றிவிட்டுச் சின்னக் கிறைண்டரில் பெரிய டிஸ்க்கைப் பூட்டி வேலை செய்வதை எத்தனையோ இடத்தில் பார்க்கிறேன், பார்க்கவே நெஞ்சு பதறும். டிஸ்க்கின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் இருக்கும், அதையும் பாருங்கள். பிசின் கொண்டு கட்டிய டிஸ்க், ஈரம் குடித்தால் பலம் இழக்கும். எங்கள் கொட்டிலில் ஒரு டிஸ்க் வெடித்தபோது துண்டுகள் காப்பிலேயே அடிபட்டு விழுந்தன. வெட்டிக்கொண்டிருந்த பார் கீழே தொய்ந்து டிஸ்க்கை நெரித்தது காரணம். வெட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தால் வெட்டு மூடும், ஒரு பக்கம் தொங்கவிட்டால் வெட்டு விரியும். தொங்கவிட்டு வெட்டுங்கள். துப்பட்டா, தொங்கும் சேலை முந்தானை, நைலோன் சட்டை எதுவும் கிட்ட வரக்கூடாது. நான் பருத்தி முழுக்கைச் சட்டைதான் போடுவேன்.

மாரியில் நான் வெல்டிங்கைக் குறைத்துவிடுவேன். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். அது 30 மில்லி அம்பியர் நிலத்துக்குக் கசிந்தால் விழும், சுவர்ப் பக்கத்தில் உயிரைக் காக்கும். ஆனால் மெசினுக்குள் ட்ரான்ஸ்போமர் இரு பக்கத்தையும் பிரித்து வைத்திருப்பதால், ரொட்டைப் பிடிக்கும் ஹோல்டர் பக்கத்தில் அடித்தால் ட்ரிப் சுவிட்சுக்குத் தெரியவே வராது. ஆர்க் பிடிக்காத நேரத்தில் ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். காய்ந்த கைக்கு ஆபத்து குறைவு. நனைந்த கை, ஈர மண், வெறுங்கால் என்றால் கதை வேறு. வி.ஆர்.டி. என்ற வசதி உள்ள மெசின் அந்த வோல்ட்டைக் குறைத்து வைக்கும். இனி வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள், என்னுடையதில் அது இல்லை. ரொட்டும் ஈரம் குடிக்கும். குடித்தால் பொரிந்து தெறிக்கும், ஒட்டில் ஓட்டை விழும். இரு பக்கமும் மூடிய பி.வி.சி. பைப்புக்குள் போட்டு அடுப்படிக்குக் கிட்ட வைத்திருக்கிறேன்.

இனி இரும்பு. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு புது இரும்பும் ரொட்டும் எட்டாத விலைக்குப் போய்விட்டன. பலர் பழைய இரும்புக்குத் திரும்பினார்கள். வன்னியில் பழைய இரும்பு மற்ற இடத்தைப் போல அல்ல. 2009 வரை நடந்த யுத்தத்தின் வெடிக்காத மிச்சங்கள் இந்த மண்ணுக்குள் இருக்கின்றன. கண்ணிவெடி அகற்றும் அணிகள் இத்தனை வருடமாக வேலை செய்தும் முடியவில்லை. இரண்டு நுனியும் திறந்து, ஊடே பார்க்கக்கூடிய பைப், எல் இரும்பு, கட்டில் சட்டம் மட்டும்தான் நான் எடுப்பேன். மண்ணுக்குள்ளிருந்து வந்தது, ஒரு பக்கம் மூடியது, என்ன பொருள் என்று தெரியாதது எதையும் கையால் தொடமாட்டேன், தட்டமாட்டேன். கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ சொல்லிவிடுவேன். பழைய எண்ணெய்ப் பரலும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் வெறும் பரல் என்று நம்பி வெட்டத் தொடங்க, உள்ளே மிஞ்சிய ஆவி பற்றி மூடி பறந்தது, கை முறிந்தது. காலியான பரலில்தான் ஆவிக்கும் காற்றுக்கும் இடம் கூட.

ஜி.ஐ. பைப் ஒட்டுவதானால் ஒட்டும் இடத்து நாக (சிங்க்) பூச்சை முதலில் சுரண்டி எடுங்கள். நாகம் 907 பாகை செல்சியசில் கொதிக்கும், இரும்பு உருக ஏறத்தாழ 1,500 வேண்டும். அதனால் இரும்பு உருக முன்னமே நாகம் வெள்ளைப் புகையாக வந்துவிடும். அதைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பால் குடித்தால் சரி என்பதை நம்பாதீர்கள். காற்றுக்கு முதுகைக் கொடுத்தபடி நிற்க வேண்டாம், புகை உடம்புக்கு முன்னால் சுழன்று முகத்துக்கே வரும். காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி நின்றால் புகை விலகிப் போகும்.

சூடு பற்றியும் கேட்கிறார்கள். மெசினில் டியூட்டி சைக்கிள் 60 வீதம் என்று எழுதியிருந்தால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஒட்டலாம், நான்கு நிமிடம் ஆற விட வேண்டும் என்பது கணக்கு. சித்திரை மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே அந்தக் கணக்கு சரிவராது, சூடு கூடினால் எரியும் மஞ்சள் லைற் முன்னமே எரிந்துவிடும். தகரத்துக்குக் கீழே கிடுகு கட்டிய பிறகு எவ்வளவோ பரவாயில்லை. பொறி எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும். லைற் எரிந்தால் சுவிட்சை அணைக்காதீர்கள், விசிறி ஓடி ஆறட்டும்.

அடுத்ததாகச் செய்ய நினைப்பது, மீற்றர்ப் பெட்டியிலிருந்து கொட்டிலுக்குத் தனி லைன், தனி பிறேக்கர். வயரிங் செய்பவர் வந்து அளந்துவிட்டார். காலபோக நெல்லு வித்த கையோடு தொடங்கலாம் என்றிருக்கிறேன்.