தீராத களைப்புக்கு அமுக்கராவா, அதிமதுரமா, பட்டினியா? ஆயுர்வேத வழிகள் குறித்து ஓர் ஒப்பீடு

உழைத்துக் களைப்பது வேறு, உழைக்காமலே களைத்துக் கிடப்பது வேறு என்பதை ஆயுர்வேதம் வெகு காலத்துக்கு முன்பே பிரித்துப் பார்த்திருக்கிறது. சுசுருத சம்ஹிதையின் சாரீரஸ்தானம், உடலுழைப்பு ஏதும் இல்லாமல், மூச்சிரைப்பும் இல்லாமல் உடம்பில் ஏறிக்கொண்டு, புலன்களைத் தம் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கும் சோர்வைக் கிலமம் என்று தனியே வரையறுக்கிறது. மாதக்கணக்கில் அசதி, நிறைவு தராத தூக்கம், ஒழுங்கு தவறும் மாதவிடாய், எதிலும் கவனம் நிற்காமை என்று இன்று மருத்துவரிடம் வருபவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். ஆனால் இதற்கென்று கடையிலும் இணையத்திலும் விற்கப்படுபவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் அனேகமாக எல்லாமே உடலை ஊட்டி நிரப்பும் மருந்துகளாகவே இருக்கின்றன. ஆயுர்வேதத்தின் சொந்தக் கணக்கின்படி அது பாதி வழிதான்.

மறு பாதி சரக சம்ஹிதையில் இருக்கிறது. அதன் சூத்திரஸ்தானத்தின் 23ஆம் அத்தியாயம், அளவுக்கு மீறிய போஷாக்கினால் வரும் நோய்களின் பட்டியலில் சோம்பலையும் உடல் கனத்தையும் மந்தத் தூக்கத்தையும் சேர்க்கிறது. அதே அத்தியாயம், போஷாக்குக் குறைவினால் வரும் மெலிவையும் பலக்குறைவையும் தனியாகச் சொல்கிறது. முன்னதற்குக் குறைக்கும் சிகிச்சையான லங்கனம், பின்னதற்கு நிரப்பும் சிகிச்சையான பிரும்ஹணம். ஆகவே எந்த வேர் சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், இந்தக் களைப்பு வற்றியதால் வந்ததா, தேங்கியதால் வந்ததா என்பதை முடிவு செய்தாக வேண்டும். மாதவிடாயின் மிகை உதிரப்போக்கினால் இரத்தம் இழந்து, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, இளைத்துப் போயிருக்கும் பெண்ணின் களைப்பும், இரவுப் பணி முடிந்து வந்து பரோட்டா சாப்பிட்டுப் படுத்து, தொப்பை விழுந்து, மதியம் கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் இளைஞனின் களைப்பும் ஒரே லேகியத்தால் தீரும் என்பது விளம்பரத்தின் வாதம். வைத்திய நூலின் வாதம் அல்ல.

இந்த ஒப்பீட்டுக்குள் போகும் முன் இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்க முடியாது. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதோடு தைராய்டு சுரப்புக் குறைவு, சர்க்கரை நோய், பி12 குறைபாடு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு என்று களைப்புக்குத் தெளிவான காரணங்கள் பல உண்டு. இவற்றைப் பார்க்காமல் ‘அட்ரீனல் களைப்பு’ என்ற பெயரைச் சூட்டிக்கொள்வது இப்போது பரவலாகிவிட்டது. மன உளைச்சலால், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி ஓய்ந்துபோகிறது என்ற இந்தக் கருத்தை நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவம் ஏற்கவில்லை. அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டின் கட்டுரை ஒன்று அப்படியொரு நோய்க்குச் சான்று இல்லை என்றே முடித்தது. சுரப்பி உண்மையிலேயே செயலிழக்கும் அடிசன் நோய் வேறு. அதற்கு எந்தச் சூரணமும் மருந்தாகாது.

நிரப்பும் மருந்துகளில் முதலிடம் அசுவகந்தாவுக்கு, அதாவது நம்மூர் அமுக்கராக் கிழங்குக்கு. மன உளைச்சல் என்ற அளவில் மூலிகைகளுள் ஓரளவு நல்ல ஆய்வுச் சான்று உள்ளதும் இதற்குத்தான். 2012இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில் மன உளைச்சலால் அவதிப்பட்ட 64 பேரில் ஒரு பாதியினருக்கு வேரின் செறிவூட்டிய சாறு 300 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இருமுறை, 60 நாட்கள் கொடுக்கப்பட்டது. மன உளைச்சலின்போது அட்ரீனல் சுரக்கும் ஹார்மோனான கார்ட்டிசால் அவர்களுக்குச் சுமார் 28 சதவீதம் குறைந்தது. இந்த எண்ணை விளம்பரங்கள் விடாமல் மேற்கோள் காட்டுகின்றன. எனினும் நலமாக இருப்பவருக்கே காலை எட்டு மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் கார்ட்டிசால் பல மடங்கு ஏறி இறங்கும் என்பதையும், ஆய்வு சிறியது, காலம் இரண்டே மாதம் என்பதையும் சேர்த்தே அதை எடைபோட வேண்டும். தூக்கமும் பதற்றமும் ஓரளவு சீர்படுவதற்குச் சான்று இருக்கிறது. ஹார்மோன் ‘சமநிலைக்கு’ வருகிறது என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

அமுக்கராவை எந்த வடிவில் எடுக்கிறோம் என்பதில் இருக்கும் வித்தியாசத்தை வாங்குபவர்கள் கவனிப்பதே இல்லை. வெறும் வேர்ப்பொடிக்கு ஆயுர்வேத மருந்து நூல் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம். சித்த மருத்துவத்தின் அமுக்கராச் சூரணமோ கூட்டு மருந்து. வழக்கமான செய்முறையில் கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு, சர்க்கரை நூற்றிருபத்தெட்டு என்று பங்குகள் இரட்டித்துக்கொண்டே போகும். கூட்டிப் பார்த்தால் சூரணத்தில் பாதி சர்க்கரை, கால் பங்குதான் அமுக்கரா. செரிமானம் மந்தமானவருக்கு அதிலுள்ள சுக்கும் திப்பிலியும் நன்மை. சர்க்கரை நோயாளிக்கு அந்தப் பாதி ஒத்துவராது. அசுவகந்தாரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது என்பதால் அதில் சுமார் 5 முதல் 10 சதவீதம் வரை தானே உருவான ஆல்கஹால் இருக்கும். ஈரல் நோயாளிக்கும் தூக்கமாத்திரை எடுப்பவருக்கும் இது சிறிய செய்தி அல்ல. மாத்திரையாக வரும் சாற்றில் அளவு துல்லியமாக இருக்கும். ஆனால் அபாயமும் செறிவாகவே வரும்: ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலுமாக அசுவகந்தா எடுத்த ஐந்து பேருக்கு மஞ்சள் காமாலையோடு ஈரல் பாதிப்பு ஏற்பட்டது 2020இல் பதிவாகியது, மருந்தை நிறுத்தியபின் அவர்கள் தேறினர். டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்தது. இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகம் 2021இல், மருந்துகளில் அமுக்கரா இலையைச் சேர்க்காமல் வேரையே பயன்படுத்துமாறு தயாரிப்பாளர்களை அறிவுறுத்தியது. சீட்டில் ‘வேர்’ என்று தெளிவாக இல்லாத டப்பாவை நான் வாங்கமாட்டேன். தைராய்டு அளவை ஏற்றக்கூடியது என்பதால் ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் தாமாகத் தொடங்கவே கூடாது.

அதிமதுரம் இதற்கு நேர் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. இரண்டையும் ஒரே புட்டியில் அடைத்து விற்பவர்கள் அதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றும் நொதி ஒன்று உண்டு. அதிமதுரத்தின் கிளிசிரைசின் அந்த நொதியைத் தடுப்பதால் கார்ட்டிசால் அங்கே நீடித்து நின்று, உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் போல நடந்துகொள்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது, கால் வீங்குகிறது, பொட்டாசியம் இறங்குகிறது. பொட்டாசியம் இறங்கினால் தசை சோர்ந்துவிடும் என்பதால் களைப்புக்கு எடுத்த மருந்தே களைப்பைக் கூட்டவும் கூடும். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினுக்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய அறிவியல் குழுவின் பரிந்துரை. இரண்டு மூன்று கிராம் வேர்ப்பொடியே அந்த அளவைத் தொட்டுவிடக்கூடும். தொண்டைக் கட்டுக்குச் சில நாள் ஒரு துண்டைச் சுவைப்பதில் தவறில்லை. மாதக்கணக்கில் எடுக்கும் களைப்பு மருந்தாக, இந்த ஒப்பீட்டில் நான் முதலில் விலக்குவது அதிமதுரத்தைத்தான்.

தண்ணீர்விட்டான் கிழங்கு, அதாவது சதாவரி, பெண்களுக்கான பொது மருந்தாக முன்வைக்கப்படுகிறது. அமுக்கரா உஷ்ண வீரியம், அதாவது உடலில் சூட்டை ஏற்றுவது; இது சீத வீரியம், குளிர்ச்சி தருவது. உள்ளங்கை எரிச்சல், மிகை உதிரப்போக்கு, மெலிவு ஆகியவற்றோடு வரும் களைப்புக்கு வைத்தியர் அமுக்கராவை விட்டு இதைத் தேர்வது அதனால்தான். ஆய்வுகள் பெரும்பாலும் விலங்குகள் மீது நடந்தவை. மனிதரிடம் நடந்தவை சிறியவை. சினைப்பை நீர்க்கட்டிக்கும் இதையே பாலில் கலந்து குடிக்கச் சொல்வது எனக்கு விளங்காத ஒன்று. எடை கூடி, முகத்தில் முடி வளர்ந்து, மாதவிடாய் தள்ளிப்போகும் பெண்ணின் நிலை பெரும்பாலும் தேக்கத்தின் பக்கம் சேர்வது. அவருக்கு இனிப்பும் குளிர்ச்சியும் கனமும் உள்ள கிழங்கைப் பாலோடு கொடுப்பது ஆயுர்வேத அளவுகோலின்படியே பொருந்தாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் ஈஸ்ட்ரோஜன் போன்ற தன்மை கருதி இதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

சியவனப்பிராசத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: சரகர் 500 நெல்லிக்கனிகளைக் கொண்டு சொன்ன லேகியம் அது, இன்றைய டப்பாவில் எடையில் பெரும்பகுதி சர்க்கரை.

வெளிச் சிகிச்சைகளில் பெயர் பெற்றது சிரோதாரா. மரப் பலகையில் மல்லாந்து படுத்தவரின் நெற்றியில், மேலே தொங்கும் பாத்திரத்தின் திரி வழியாக வெதுவெதுப்பான தைலம் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் இடமும் வலமுமாக விழுந்துகொண்டே இருக்கும். வற்றிய களைப்புக்குக் க்ஷீரபலா போன்ற தைலமும், தேங்கிய களைப்புக்கு நெல்லிக்காய்க் கஷாயமும் கோரைக்கிழங்கும் சேர்ந்த மோர்த்தாரையும் என்று பிரித்துத் தருவது நல்ல வைத்தியசாலையின் அடையாளம். இதை ஆய்வு செய்வது கடினம். போலி மாத்திரை கொடுக்கலாம், போலித் தைலத்தாரை கொடுக்க முடியாது. அதனால் பலனில் எவ்வளவு தைலத்தால், எவ்வளவு ஒரு வாரம் கைபேசியின்றிப் படுத்திருந்ததால் என்று பிரிக்க வழியில்லை. பலன் உண்மைதான், செலவுதான் பெரிது. வாரம் இருமுறை நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்து அன்று இரவு நேரத்தோடு படுப்பது, செலவோடு ஒப்பிட்டால் அதற்கு வெகு தூரத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

லங்கனத்தை விற்க முடியாது, அதனால்தான் அதற்கு விளம்பரம் இல்லை. சரகர் சொல்லும் பத்து வகை லங்கனத்தில் பட்டினி ஒன்றுதான். செரிமானத்தைத் தூண்டுதல், வெயில், காற்று, உடற்பயிற்சி ஆகியவையும் அதில் அடங்கும். திரிகடுகும் திரிபலாவும் சேர்த்த வாற்கோதுமை மாவை அவர் தேக்க நோய்களுக்குச் சொல்கிறார். நடைமுறையில் இது இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் குறைவாக முடிப்பது, பகல் தூக்கத்தை விடுவது, காலை வெயிலில் நடப்பது என்று வந்து நிற்கும். கார்ட்டிசாலின் நாளொழுங்குக்கும், உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத இன்சுலின் தடைக்கும் இன்றைய மருத்துவம் சொல்லும் அறிவுரையும் இதிலிருந்து பெரிதாக மாறுபடாது. எடை கூடிய, உட்கார்ந்தே வேலை செய்யும் பெரும்பாலோருக்கு அமுக்கராவை விட இதற்கே நான் முதலிடம் கொடுப்பேன். விலக்கு ஒன்று உண்டு: சிறிது உழைத்தாலே மறுநாளும் அதற்கடுத்த நாளும் படுக்கையில் தள்ளும் களைப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், அது நாட்பட்ட களைப்பு நோயாக இருக்கலாம். அவர்களுக்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையைப் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2021இல் கைவிட்டது. ‘சோம்பலை உதறி நட’ என்று அவர்களிடம் சொல்வதும், வயிறு காயப் போடச் சொல்வதும் தீங்கு.

எந்த வழியைத் தேர்ந்தாலும் கையில் கிடைக்கும் பொருள் எப்படிப்பட்டது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. உரிம எண், தயாரிப்புத் தொகுதி எண், சேர்மானங்களின் எடை மூன்றும் இல்லாத பொடி எவ்வளவு கைராசியான வைத்தியர் கொடுத்ததாக இருந்தாலும் வேண்டாம். மூன்றே நாளில் உடம்பில் புதுத் தெம்பு ஏறி, பசி பெருகி, சில வாரத்தில் முகம் உப்பி வட்டமானால், பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருவதால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொண்டிருக்கும். அந்த நிலையில் பொடியைத் திடீரென்று நிறுத்துவதே உயிருக்கு ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவமனைக்குப் போய், காலை கார்ட்டிசாலைப் பார்த்து, மருத்துவரின் மேற்பார்வையில் அதற்கு மாற்றான ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துச் சிறிது சிறிதாகத்தான் விட வேண்டும்.