கல்சட்டியா, மண்சட்டியா?

வத்தக்குழம்புக்கு என் கை கல்சட்டியைத்தான் தேடும். சேலம் பக்கம் மாக்கல்லைக் குடைந்து செய்கிற இந்தச் சட்டி மெதுவாகத்தான் சூடேறும்; ஏறிய சூட்டை எளிதில் விடாது. குழம்பு முக்கால் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவேன். அணைத்த பிறகும் ஓரங்களில் கொப்புளம் வெடித்தபடி சில நிமிடங்கள் கொதிக்கும். நல்லெண்ணெய் தானாக மேலே மிதந்து வரும். முழுப் பதம் வரும்வரை அடுப்பில் விட்டால் குழம்பு இறுகிவிடும்.

புதுக் கல்சட்டியைப் பழக்கப் பொறுமை வேண்டும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசி ஒரு நாள் வைத்துக் கழுவ வேண்டும். பிறகு ஒரு வாரம் தினமும் சூடான வடிகஞ்சியை ஊற்றி வைக்க வேண்டும். அவசரப்பட்டு நேரே பெருந்தீயில் ஏற்றினால் விரிசல் விடும். நான் அப்படி ஒன்றை இழந்திருக்கிறேன். இன்னும் மனம் ஆறவில்லை.

மண்சட்டிக்கு இவ்வளவு பாடு இல்லை. ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி காய்ச்சி இறக்கினால் போதும். விலையும் குறைவு, எடையும் குறைவு. மீன் குழம்புக்கு அதுவே சரி. ஆனால் நுண்துளைகள் வாசனையைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் மீனுக்குத் தனிச்சட்டி வேண்டும்.

இரண்டுக்கும் சோப்பு ஆகாது. கடலை மாவும் தேங்காய் நாரும் போதும். மண்சட்டியை வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். ஈரத்தோடு கவிழ்த்தால் பூசணம் பிடிக்கும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தினமும் சமைப்பவர் கல்சட்டியை வாங்கலாம்.