தெற்கே போற வழியில ஃபிரெண்ட் ஊர்ல தங்கணும்னா போட்டை எங்க விடுறது: அவங்க வீட்டு டாக்லயா, நங்கூரத்துலயா, மூரிங்லயா, மரீனாலயா?

அமெரிக்கா கிழக்குக் கரையில அக்டோபர் வந்தா போதும், செசபீக் வளைகுடா பக்கம் இருக்கிற பாய்மரக்காரங்க கீழ இறங்க ஆரம்பிச்சிருவாங்க. பின்னாடி குளிர் துரத்தும், ஆனா புயல் சீசன் நவம்பர் 30 வரைக்கும் கணக்குங்கிறதால அவசரப்பட்டு ஃபுளோரிடாவுக்கு ஓடவும் முடியாது, நிறைய இன்ஷூரன்ஸ் பாலிசில இந்தத் தேதிக்கு முன்னாடி இந்த இடத்துக்குத் தெற்கே போகக்கூடாதுன்னு எழுதியே வச்சிருப்பாங்க. வழியில யாராவது ஃபிரெண்ட் வீடு இருந்தா ஒரு வாரம் ரெண்டு வாரம் டேரா போட இதைவிட நல்ல நேரம் கிடையாது. போலாமா வேண்டாமாங்கிறது கேள்வியே இல்ல, நாம சோஃபால உக்காந்து கதை பேசும்போது போட் எங்க கிடக்குதுங்கிறதுதான் கேள்வி.

முதல்ல எல்லாரும் விழுறது ஃபிரெண்டோட டாக்ல, அதாவது வீட்டையொட்டி தண்ணில இருக்கிற படகுத்துறைல. "எங்க வீட்டு டாக்லயே கட்டிக்கோ, எதுக்கு காசைக் கரியாக்குற"ன்னு அன்பாத்தான் சொல்வாங்க, ஆனா அவங்க வச்சிருக்கிறது மோட்டார் போட், அதுக்கு முழங்கால் அளவு தண்ணி போதும், நம்ம கீலுக்கு (பாய்மரப் படகுக்கு அடியில நீட்டிக்கிட்டு இருக்கிற பாகம்) 5 அடி 6 அடி வேணும். அதுவும் வத்தத்துல, அதாவது கடல் தண்ணி இறங்கிக் கிடக்கிற நேரத்துல வேணும். இங்கதான் ஊருக்கு ஊர் கதை மாறுது. செசபீக்ல இருக்கிற அனாபொலிஸ்ல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் சுமார் 1 அடிதான், அங்க ஃபிரெண்ட் டாக்னா கண்ண மூடிட்டு ஓகே சொல்லலாம்னு வச்சுக்கோங்க (கண்ண மூடாம ஆழம் மட்டும் கேட்டுக்கோங்க). சார்ல்ஸ்டன்ல 5, 6 அடி. சவன்னா பக்கம் 7லேருந்து 9 அடி வரைக்கும் போகும், அமாவாசை பௌர்ணமிய ஒட்டி இன்னும் மோசம். நார்த் கரோலினா ஓரியண்டல் மாதிரி ஊர்ல நிலா கணக்கே செல்லாது, பாம்லிக்கோ சவுண்ட் தண்ணிய காத்துதான் ஆட்டி வைக்கும், வடகிழக்குக் காத்து நின்னு அடிச்சா தண்ணி ஏறிரும், மேற்கே திரும்புனா வடிஞ்சிரும், ஏத்த வத்த நேரம் போட்ட டைட் டேபிளைப் பாத்துட்டு உக்காந்திருக்கிறதுல பிரயோஜனம் இல்ல.

ஆழம் சரியா இருந்தாலும் போற வழியில பாலம் இருக்கான்னு பாக்கணும், நம்ம பாய்மரக் கம்பம் அதுக்கு அடியில போகணுமே. இன்ட்ராகோஸ்டல்ல (கரையை ஒட்டி உள்பக்கமா போற படகு வழி) நிலையான பாலம்லாம் பொதுவா 65 அடி உயரம்னு கணக்கு, மியாமில ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடி, அது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். ஃபிரெண்ட் வீட்டு கிரீக்ல இருக்கிற சின்னப் பாலத்தைப் பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் கரண்ட். நம்ம போட்டுக்கு 30 ஆம்ப் வேணும், வீட்டு சாக்கெட் 15 ஆம்ப், அடாப்டர் போட்டு பேட்டரி சார்ஜ் பண்ணிக்கலாம், ஹீட்டரையும் சேத்துப் போட்டா வீட்டுல பிரேக்கர் விழும். பக்கத்துல வேற போட் அதே லைன்ல இருந்து, நம்மகிட்ட கால்வானிக் ஐசோலேட்டரும் (கரண்ட் லைன் வழியா வர்ற அரிப்பைத் தடுக்கிற கருவி) இல்லன்னா, போட்டோட மத்த உலோகம் அரிக்காம இருக்க மாட்டுற ஜிங்க் அனோட் சீக்கிரமே கரைஞ்சிரும்.

இதெல்லாம் தாண்டி இன்னொன்னு இருக்கு. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சும்மா சொல்லல. டாக்ல கட்டிட்டா நாம அவங்க கிச்சன் ஜன்னலுக்கு நேரா இருப்போம், துணி காயப்போடுறது, ஜெனரேட்டர் சத்தம், எல்லாம் அவங்க பார்வையிலயே, அவங்களுக்கும் தினமும் நம்மள கவனிக்கணும்னு ஒரு பாரம் வந்துரும்.

நங்கூரம் போட்டா காசு இல்ல, தனிமை இருக்கு, எனக்குப் பிடிச்சதும் அதுதான், ஆனா ஃபிரெண்டைப் பாக்க வந்த இடத்துல நீண்ட நாளுக்கு அது சரிப்படாது. இந்த சீசன்ல வாராவாரம் கோல்ட் ஃபிரண்ட் (குளிர் காத்து முகப்பு) வரும், காத்து தென்மேற்குல ஆரம்பிச்சு மேற்கு, வடமேற்கு, வடக்குன்னு சுத்தும், சாயங்காலம் டின்னருக்குக் கிளம்பும்போது குளம் மாதிரி இருந்த இடம் நடுராத்திரி திறந்த வெளியா ஆயிரும். சவுத் கரோலினா, ஜார்ஜியா நதிகள்ல ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீரோட்டம் திசை மாறும், போட் திரும்பும், நங்கூரம் பிடுங்கி மறுபடி கடிக்கணும், கடிக்குமாங்கிறது அதோட இஷ்டம். நங்கூரக் கயிறு கணக்கும் (ஆழத்தையும் முன் தளத்து உயரத்தையும் கூட்டி, அதுக்கு எத்தனை மடங்கு கயிறு விடணும்ங்கிறது) நிறைய பேர் தப்பா போடுறாங்க. வத்தத்துல 10 அடி ஆழம், முன் தளம் தண்ணிக்கு மேல 4 அடி, ஏழு மடங்கு விட்டா 98 அடி, சரிதானேன்னு தோணும். ஏத்தத்துல 8 அடி கூடினா மொத்தம் 22 அடி, அதே 98 அடி இப்போ நாலரை மடங்குதான். ஏழு மடங்கு வேணும்னா 154 அடி விடணும், அவ்வளவு விட்டு சுத்துறதுக்கு அங்க இடம் இருக்கணும். இதை மனசுல வச்சுக்கிட்டு ஃபிரெண்டோட ஜோக்குக்கு சிரிக்க முடியுமா? நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை மாத்தினதுக்கு அப்புறம் அஞ்சு மணிக்கே இருட்டத் தொடங்கிரும், டிங்கில (சின்னத் துணைப் படகுல) போட்டுக்குத் திரும்பிப் போற பயணமே ஒரு வேலை.

மூரிங் பால் (தண்ணிக்கடியில நிரந்தரமா பதிச்ச நங்கூரத்தோட சேர்ந்த மிதவைப் பந்து, அதுல போட்டைக் கட்டிக்கலாம்) இதுக்கு நடுவுல. ஃபுளோரிடா வீரோ பீச்ல நகராட்சி மூரிங் இருக்கு, போனவங்க கிளம்பவே மாட்டாங்கன்னு அந்த ஊரை வெல்க்ரோ பீச்னே கூப்பிடுவாங்க, ஏத்த வத்தமும் அங்க ரொம்பக் கம்மி. கூட்டம் அதிகமானா ஒரே பால்ல ரெண்டு மூணு போட்டைச் சேத்துக் கட்டச் சொல்வாங்க, முன்னப் பின்ன தெரியாத ஆளோட ஒட்டிக்கிட்டு ஒரு வாரம். சிலருக்கு அதுலதான் புது ஃபிரெண்ட் கிடைக்கிறாங்க, எனக்கு அந்தப் பொறுமை இல்ல. செயின்ட் அகஸ்டின்லயும் மூரிங் உண்டு, ஆனா நீரோட்டம் பலமா ஓடும், டிங்கி மோட்டார் நல்லா இருக்கணும். எங்க போனாலும் மூரிங் பாலோட கயிறு தேய்ஞ்சிருக்கான்னு பாத்துட்டு நம்ம சொந்தக் கயிறையும் கூட ஒன்னு போடுங்க.

மரீனா, அதாவது வாடகைக்குப் போட் கட்டுற துறை, செலவுதான், அடிக்கணக்குல ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க. ஆனா ரெண்டு வாரம் தங்குறதா இருந்தா வார ரேட், மாச ரேட் ரெண்டையும் கேளுங்க, ராத்திரிக் கணக்கைக் கூட்டிப் பாத்தா சில நேரம் மாச ரேட்டே மலிவா வரும். மிதக்கும் டாக்கா இருந்தா ஜார்ஜியாவோட 8 அடி ஏத்தமும் நமக்குத் தெரியாது, பம்ப் அவுட் (கழிவுத் தொட்டியைக் காலி பண்றது), துணி துவைக்கிற வசதி எல்லாம் அங்கயே. முக்கியமா நாம அவங்க வீட்டுல ஒரு ராத்திரி தங்கலாம், ஒரு நாள் அவங்க நம்ம போட்டுக்கு சாப்பிட வரலாம், யாரும் யாருக்கும் பாரமில்ல.

அதனால என் ஓட்டு இப்படி: செசபீக்ல ஃபிரெண்ட் டாக், சார்ல்ஸ்டன்லேருந்து ஜார்ஜியா முடியிற வரைக்கும் மரீனா, வீரோ மாதிரி இடத்துல மூரிங், நங்கூரம் ரெண்டு நாளுக்கு மட்டும், அதுவும் கோல்ட் ஃபிரண்ட் எதுவும் வரலன்னா. எதை எடுத்தாலும் வர்ற தேதியை மட்டும் உறுதியா சொல்லிடாதீங்க. இடத்தைச் சொல்லு இல்ல தேதியைச் சொல்லு, ரெண்டையும் சேத்து சொல்லாதேன்னு பழைய ஆளுங்க சொல்றது சும்மா இல்ல, தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு வந்திருவோம்னு வாக்கு குடுத்துட்டு வடக்குக் காத்துல வெளிக்கடல்ல போனவங்க கதையெல்லாம் கேக்க நல்லா இருக்காது.

டாக்தான்னு முடிவு பண்ணிட்டா ஃபிரெண்டுக்கு ஒரே ஒரு வேலை குடுங்க: அமாவாசை அன்னிக்கு வத்தம் அடிமட்டத்துல இருக்கிற நேரத்துல, கயித்துல ஒரு கனமான நட்டைக் கட்டி, டாக் ஓரத்துல நம்ம கீல் வர்ற இடத்துல விட்டு அளந்து சொல்லச் சொல்லுங்க. "ஆழம் நிறைய இருக்கு"ங்கிறதைக் கணக்குல எடுத்துக்காதீங்க, அடியில சொல்லச் சொல்லுங்க.